தெற்குச் சுவரும் ஆதாரம் எண் ஒன்றும்

நோவாக் கிராசிங், டெக்சஸ்
மே 4, சனிக்கிழமை

அன்பு மகள் லியோனாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் நீயும் உன் மருத்துவத்தை நம்பியிருக்கும் மீன்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் வரிக்கு மதிப்புப் போட்டவனுக்குச் சரிபார்க்காததை எழுதக் கை வராது. ஆகவே தனித்தனியாகச் சொல்கிறேன். நான் நம் வீட்டில் நலம். உன் அம்மா யோக்கம் ஊரில் உன் பெரியம்மா அல்பீனா வீட்டில் நலம், தினமும் இரண்டு வேளை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன், அவள் குரலில் மகிழ்ச்சி தேவைக்குச் சற்று அதிகமாக இருப்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். தேனீக்கள் நம் வீட்டிலேயே நலம், எங்கள் இருவரையும் விட நலம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீயும் அம்மாவும் பேசிக்கொள்கிறீர்கள், நாற்பது நிமிடத்துக்குக் குறையாது என்று அல்பீனாவே வாய் தவறிச் சொன்னாள். நடந்ததெல்லாம் அந்தப் பேச்சில் எந்த உருவத்தில் உன்னிடம் வந்து சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். மத்தியானம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவைக் கழுத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடுத்த முறை கொட்டினால் இதைவிட வேகமாக ஏறும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அல்பீனா தன் காரிலேயே அவளை நேராக யோக்கமுக்கு அழைத்துப் போய்விட்டாள், வீட்டில் கடைசித் தேனீ போன பிறகுதான் வருவாள் என்று கார்க் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டாள். நாற்பத்தோரு வருடத்தில் உன் அம்மா இல்லாமல் நான் இந்த வீட்டில் மூன்று இரவுக்கு மேல் இருந்ததில்லை. நேற்றோடு நாற்பத்தைந்து ஆகிறது.

தேனீக்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. உன் பழைய படுக்கையறைக்கு வெளியே, தெற்குச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. நிமிடத்துக்கு எண்பத்துநான்கு உள்ளே போயின, எழுபத்தொன்பது வெளியே வந்தன. மீதி ஐந்து உள்ளே என்ன செய்கின்றன என்ற கேள்வி அப்போதே எனக்கு இருந்தது. மருந்தடிக்கும் கம்பெனி ஆள் ஒருவன் வந்து அரை மணியில் கொன்று தருகிறேன் என்றான், சுவருக்குள் செத்துக் கிடப்பதை யார் எடுப்பார்கள் என்றதற்கு அது தானாகக் காய்ந்துவிடும் என்றான், தேன் சுவரில் வழியுமே என்றதற்குப் பெயின்ட் அடிப்பவன் போன் நம்பர் கொடுத்தான். அவனை அனுப்பிவிட்டேன். பிறகு அல்பீனா ஒரு ஆளைச் சிபாரிசு செய்தாள், மோல்டன் ஊர் டெல்ஃபின் யானாக். தேனீயைக் கொல்லாமல் கூண்டோடு எடுத்து, கொண்டுபோய் வளர்ப்பதுதான் அவள் தொழில். வியாழக்கிழமைகளில் சர்ச் ஹாலில் சீட்டாட்ட மேசையில் அல்பீனாவுக்கு எதிரே உட்காருகிற கூட்டாளியும் அவள்தான் என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்தே தெரிந்தது. யாரும் என்னிடம் மறைக்கவில்லை என்கிறார்கள். யாரும் சொல்லவும் இல்லை.

ஐம்பது வயது இருக்கும், நெட்டையான பெண், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வந்ததும் என்னிடம் பேசாமல் உன் அறைச் சுவரில் காதை வைத்தாள், உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினாள், பிறகு சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவை நீட்டினாள். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே பன்றித்தொடை வடிவத்தில் ஒன்று சிவப்பாகத் தெரிந்தது. நாப்பதாயிரம் இருக்கும் சார் என்றாள். எண்ணாமல் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன், நியாயமான கேள்வி. "எங்கப்பா மாட்டுக் கொட்டாயை வீடுன்னு எழுதுனீங்களே, உள்ள வந்து பாத்தா எழுதுனீங்க? ரோட்டுல கார நிறுத்திட்டு எழுதுனீங்க. அதே கணக்குதான்" என்றாள். எனக்கு உடனே நினைவு வந்தது, யானாக் பண்ணை, இருபது வருடம் முந்திய விஷயம். கொட்டகை ஜன்னலில் திரைச்சீலை தொங்கியது, திரைச்சீலை இருக்கும் இடத்தில் மனிதர் வசிப்பார்கள் என்பது என் அனுபவம், அதைச் சொன்னேன். "அது ஈ மொய்க்காம எங்கம்மா தொங்கவிட்ட சாக்கு சார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருபது வருடம் ஒரு சாக்கை ஞாபகம் வைத்திருப்பவள் சிரிப்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

வேலையை ஒழுங்காகச் செய்தாள் என்பதை மறுக்க மாட்டேன், அதுவே எனக்கு உறுத்தல். அறை முழுக்கப் பிளாஸ்டிக் தாள் கட்டினாள், டப்பாவில் காய்ந்த புல்லைக் கொளுத்தி லேசாகப் புகை போட்டாள், சுவர்ப் பலகையைச் சதுரமாக அறுத்துக் கழற்றினாள். உள்ளே என் கையளவு அகலத்தில் ஒன்பது அடைகள், நம் பாட்டுப் புத்தக அலமாரிபோல வரிசையாகத் தொங்கின. தேனீக்களை மெதுவாக உறிஞ்சும் எந்திரத்தால் பெட்டிக்குள் இறக்கினாள், அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து மரச்சட்டத்தில் வைத்து ரப்பர் பட்டை போட்டாள், ராணியைக் கண்டுபிடித்து முதுகில் பச்சைப் பொட்டு வைத்து என் மூக்குக்கு நேரே காட்டினாள். ராணி போனா கூட்டம் போயிரும், மெழுகு போனா வாசம் போயிரும், வாசம் இருந்தா அடுத்த கூட்டம் வரும், அதனால வீட்ல ஒரு துண்டு மெழுகுகூட நிக்கக் கூடாது சார் என்று என்னைப் பள்ளிக்கூடப் பையனாக நினைத்து மூன்று முறை சொன்னாள். சுரண்டினாள், கழுவினாள், வெயிலும் குளிரும் தடுக்கச் சுவருக்குள் புதுப் பஞ்சு அடைத்தாள், வெளி இடைவெளியை மூடினாள். வெளியே போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்தால் ஏறிக்கொள்ள ஏணி மேல் ஒரு காலிப் பெட்டி வைத்து, சட்டைப் பையிலிருந்து சின்னச் சீசா எடுத்து அதில் இரண்டு சொட்டு விட்டாள். எலுமிச்சைப்புல் தைலம். தேனீயை இழுக்கும் வாசனையாம். அவளே சொன்னாள். தேனீயை இழுக்கும் மருந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேனீ எடுக்கப் போகிறவளைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ, நான் நினைத்ததைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அடைகளின் கறுப்பைப் பார்த்துவிட்டு, இது ரெண்டு வருசத்துக் குடித்தனம் சார், நீங்க பாக்கவே இல்லையா என்று கேட்டாள். நான் யார்? இந்த மாவட்டத்தில் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்துக் கட்டிய குளியலறையைத் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தவன். என் வீட்டுச் சுவருக்குள் நாற்பதாயிரம் பேர் இரண்டு கோடைகாலம் குடியிருந்தார்கள், நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன் என்றால் யார் நம்புவது? ஆகவே அவள் வண்டிக்குப் போன நேரத்தில் ஓர் அடைத்துண்டை, ஜெபப் புத்தக அளவுதான், செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துத் தேதியும் நேரமும் எழுதி எடுத்து வைத்தேன். பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது காட்டி அதன் வயதைப் பற்றி இரண்டாவது கருத்துக் கேட்க எண்ணம். பத்திரமான இடத்தில் இருக்கிறது. எங்கே என்று உன்னிடம்கூடச் சொல்லப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளை உத்தேசித்து.

இரண்டு வாரம் ஒரு தேனீ இல்லை. உன் அம்மா பெட்டி கட்டிவிட்டாள், ஏப்ரல் பதின்மூன்று, சனிக்கிழமை காலையில் நான் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொடிக் கம்பத்தருகே நிற்கிறேன், தலைக்கு மேல் ஒரு மேகம் இரைச்சலோடு போகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சலவை அறைக் கூரைக்கடியில் இருக்கும் காற்றுத் துளைக்குள் மாவு ஜாடியில் விழுவதுபோல இறங்கிவிட்டது. அம்மாவிடம் வர வேண்டாம் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. ஈஸ்டர் அன்று அவள் அங்கே கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி எனக்குப் பார்சலில் வந்தது. சொல், எல்லா மெழுகும் போன வீட்டுக்கு, எல்லா ஓட்டையும் அடைத்த வீட்டுக்கு, பதின்மூன்றே நாளில், துல்லியமாக உன் அம்மா வருவதற்கு முந்திய நாள், யார் சொல்லி வந்தார்கள்? ராணியை அவள் கொண்டுபோனதாகச் சொன்னாள், கொண்டுபோனாளா? டெல்ஃபினை நான் கூப்பிடவில்லை. அவள் எதிர்பார்ப்பதும் அதைத்தானே. வரும் நாட்களில் மோல்டனுக்கு நேரிலேயே போய் என் தேனீக்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்கப்போகிறேன். நீயும் அங்கே குழாய் ரிப்பேர் என்று யார் வந்தாலும் பக்கத்திலேயே நில், சட்டைப் பையைக் கவனி.

மே 26, ஞாயிற்றுக்கிழமை

லியோனா, மேலே இருப்பதை எழுதி மூன்று வாரம் ஆகிறது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். அலுவலகத்தில் தவறான பக்கத்தைக் கிழித்தவனை நான் இரண்டு முறை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். ஆகவே அது அப்படியே இருக்கட்டும், இதையும் சேர்த்துப் படி.

பதினாறாம் தேதி மோல்டனுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் பெக்கான் மரங்களுக்குக் கீழே முப்பது நாற்பது வெள்ளைப் பெட்டிகள். என் தேனீக்களைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஒங்க தேனீங்களா? பேர் சொல்லிக் கூப்புடுங்க, வருதா பாப்போம்" என்றாள். இருந்தாலும் ஒரு வலைத்தொப்பியை என் தலையில் கவிழ்த்து, கழுத்துக் கயிற்றை அவளே இறுக்கி, கடைசி வரிசையில் ஒரு பெட்டியைத் திறந்தாள். நான்காவது சட்டத்தில் பச்சைப் பொட்டோடு ராணி உலாவிக்கொண்டிருந்தது. பொட்டு எந்த ராணிக்கு வேண்டுமானாலும் வைக்கலாமே என்றேன். "வைக்கலாம் சார். வரி எந்தக் கொட்டாய்க்கு வேணாலும் வைக்கலாம்கிற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே அடையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். நம் சுவருக்குள் நீ பிறந்த வருடம் நானே அடைத்த இளஞ்சிவப்புப் பஞ்சு மெழுகில் ஒட்டியிருந்தது. அந்தப் பஞ்சை எனக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் அதை அந்த நிறத்தில் வாங்கிய ஏமாளி நான் ஒருவன்தான். அப்போதுதான் அவள் கேட்டாள், எதுக்கு வந்தீங்க, திரும்ப வந்துருச்சா என்று. ஐந்து வாரம் ஆகிறது என்றேன். அஞ்சு வாரமா, ஏன் கூப்புடல என்றாள். கூப்பிட்டால் நீ நினைத்தது நடந்ததாகிவிடும் என்றேன். என் வாயிலிருந்து வெளியே வந்து காற்றில் நின்றபோது அது நான் எதிர்பார்த்ததைவிட வேறு மாதிரி ஒலித்தது. அவள் பெட்டியை மூடினாள். "ரோசலீ அக்கா அஞ்சு வாரமா பொட்டிய கட்றதும் பிரிக்கிறதுமா இருக்காங்க சார்" என்று உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சிரிக்கவில்லை.

அன்று மாலைக்கு முன்பே வந்துவிட்டாள். தெற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடிக் கம்பத்தருகே நின்று காற்றுத் துளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், இதுக்கு உள்பக்கம் என்ன இருக்கு என்று கேட்டாள். சலவை அறை என்றேன். அதுக்கு மேல என்றாள். பரண் என்றேன். பரணில் என்ன என்றாள். முப்பத்தொரு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அதே வரிசையில் வந்தன. மற்றவர்கள் எனக்குச் சொன்ன அதே பதிலை நானும் சொன்னேன், பழைய சாமான் என்று. ஏணி போட்டு ஏறினாள். பிறகு பரணுக்குள்ளிருந்து அவள் குரல், சர்ச்சில் வாசகம் படிக்கிற மாதிரி நிதானமாக, "ஆதாரம் எண் ஒன்று. மார்ச் முப்பது. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். யாரும் தொடக் கூடாது" என்று வந்தது. யாரும் தொடவில்லைதான். அட்டைப் பெட்டியின் கைப்பிடித் துளை வழியாக ஒரு முழுக் கூட்டமும் உள்ளே போய், என் துண்டுக்குப் பக்கத்தில் ஐந்து புது அடை கட்டி, குஞ்சு பொரித்து, தேன் சேர்த்திருந்தது. வேறு எங்கோ கிளம்பி, பழைய மெழுகு வாசனைக்கு வந்த கூட்டமாம், அவளுடையதும் இல்லை, அவள் அனுப்பியதும் இல்லை. முழுப் பெட்டியையும் துணியில் கட்டி, கைக்குழந்தையை இறக்குவதுபோல இறக்கிக்கொண்டு வந்தாள். "சார், ஊர்ல யார் வீட்ல எது ஒளிஞ்சிருக்குன்னு தேடித் தேடி அலைஞ்சீங்க. சொந்தப் பரண்ல நீங்களே வாடகைக்கு வுட்ருக்கீங்களே, இதுக்கு எவ்வளவு மதிப்புப் போடலாம்?" என்றாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் எழுதி ஒட்டிய அட்டையை மட்டும் திருப்பித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் பரணைக் கழுவினோம். அவள் சோடா மாவு கரைத்துத் தேய்த்தாள், நான் வாளி எடுத்துக் கொடுத்தேன், அவள் மறுபடி முகர்ந்து பார்த்து மறுபடி தேய்த்தாள். காற்றுத் துளைக்குக் கம்பி வலை அடித்தாள். பெட்டியை இறக்கிய அன்றே, ரோசலீ அக்காகிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாள், நானே சொல்கிறேன் என்றிருந்தேன், அதன்படி பத்தொன்பதாம் தேதி பூசை முடிந்ததும் யோக்கமுக்குப் போனேன். கதவைத் திறந்த உன் பெரியம்மா, "வா மாப்ள, தனியா வந்தியா, சாட்சியோட வந்தியா" என்றாள். உன் அம்மா சமையலறை மேசையில் நூடுல்ஸ் மாவு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்து ஆரம்பிப்பதற்குள், "பெட்டிக் கதைய டெல்ஃபின் வியாழக்கிழமையே சீட்டாட்டத்துல சொல்லிட்டா. அன்னிக்கே சிரிச்சு முடிச்சாச்சு. வேற ஏதாச்சும் இருந்தா சொல்லு எர்வின்" என்றாள். ஆக, நானே சொல்கிறேன் என்று வாங்கிய வாக்குறுதி ஒரு மாலைகூடத் தாங்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, அதைப் பேசுகிற நிலையில் நான் இல்லை. ஏனென்றால் வேறு ஒன்று இருந்தது.

இதை உனக்கும் எழுதிவிடுகிறேன், முதல் பக்கத்தில் இது இல்லை. சூசையப்பர் திருநாளன்று ஆம்புலன்ஸ் வந்தது என்று எழுதினேன். அது தாமதமாக வந்ததாக எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, அந்த ஓட்டுநர் வழியில் எங்கோ நின்றிருப்பான் என்று. அதனால் ஏப்ரலில் விண்ணப்பம் எழுதி அழைப்புப் பதிவின் நகலை வாங்கினேன். என் அழைப்பு வந்தது பன்னிரண்டு மணி ஏழு நிமிடம் என்று அதில் இருக்கிறது. வண்டி வாசலுக்கு வந்தது பன்னிரண்டு பதினாறு, ஒன்பது நிமிடம், அந்தச் சாலையில் யாரும் அதைவிட வேகமாக வர முடியாது. உன் அம்மா துணிக்கூடையோடு உள்ளே வந்தபோது சர்ச்சில் மத்தியான மணி அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. தேனீ கொட்டிடுச்சு, தொண்டைய அடைக்குது என்றாள். நான் தேனீதானா குளவியா என்று கேட்டேன். எங்கே கொட்டியது, கொடுக்கைக் காட்டு என்றேன். கண்ணாடியைத் தேடிப் போய் எடுத்து வந்து கழுத்தைப் பார்த்தேன். முந்தின நாள் அல்பீனா கொடுத்த, பெக்கான் கொட்டை போட்ட கேக்கைச் சாப்பிட்டாயா, எத்தனை துண்டு என்று கேட்டேன், அந்தக் கேக்கின் மீது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பதில் சொல்லவில்லை, பதில் சொல்லாததைக்கூட நான் பிடிவாதம் என்று நினைத்தேன். அவள் முழங்கால் மடிந்த பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். ஏழு நிமிடம். அந்த நகல் ஒரு மாதமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைத்தான் யோக்கமுக்கு எடுத்துப் போயிருந்தேன். மாவின் மேல் வைத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "ஏழுதானா? எனக்கு அது முழு மத்தியானமா இருந்துச்சு" என்றாள். தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "தேனீ போனா வர்றேன்னு அல்பீனா சொன்னா, நானும் சரின்னேன். ஆனா பொட்டி கட்டறப்பல்லாம் தேனீய நெனச்சு நான் பயப்படல. அடுத்த தடவையும் நீ நின்னுக்கிட்டுக் கேள்வி கேப்பியேன்னுதான் பயம். தேனீ ஊரெல்லாம் இருக்கு எர்வின், அத எவளாலயும் எடுக்க முடியாது" என்றாள்.

டாக்டர் கொடுத்த ஊசிக் குழாய் ஒன்று இருக்கிறது, கொட்டியவுடன் தொடையின் வெளிப்பக்கம் அழுத்த வேண்டியது. அதே மாதிரி ஊசி இல்லாத குழாய் ஒன்று பழகுவதற்கு. உன் அம்மா அதை எடுத்து என் முன்னால் வைத்தாள். அல்பீனாவுக்கு ஏற்கெனவே பழக்கியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொட்டிருச்சு என்றாள். எங்கே என்று கேட்டேன். போச்சு என்றாள். மறுபடி கொட்டிருச்சு என்றாள், நான் எழுந்து என் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன். "நல்லாத் தேடு மாப்ள, என் தங்கச்சிய பொதச்சிட்டு வந்து போட்டுக்கலாம்" என்றாள் உன் பெரியம்மா. மூன்றாம் முறை அழுத்தி மூன்று எண்ணினேன், ஆனால் அழுத்திக்கொண்டே நிஜமாகவா என்று கேட்டுவிட்டேனாம், எனக்குத் தெரியாமலே. அன்று நான் தனியாகத்தான் திரும்பினேன்.

அடுத்த ஆறு நாளும் காலையில் யோக்கமுக்குப் போனேன். அந்த மேசையில் உட்கார்ந்து பழகினேன், மதியம் சூப் சாப்பிட்டேன், திரும்பினேன். அதற்கு நடுவே உன் அம்மா டெல்ஃபினைக் கூப்பிட்டு வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே, ஒலிபெருக்கியில் வைத்து. "வீட்டுக்கு நான் பொறுப்புக்கா, ஒரு ஈ இருந்தாலும் வந்து எடுத்துத் தர்றேன். மனுசனுக்கு நான் பொறுப்பில்ல" என்றாள் டெல்ஃபின். நியாயமான உத்தரவாதம், அதைவிட விரிவானதை நானும் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன்.

நேற்று அல்பீனா கடைக்குப் போயிருந்தாள். நான் தாழ்வாரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன், கொல்லையில் உன் அம்மா துணி எடுக்கிறாள். எர்வின் என்று ஒரு குரல், அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. போய்ப் பார்த்தால் கொடிக்கடியில் உட்கார்ந்திருந்தாள், கை கழுத்தில். அது பயிற்சியா நிஜமா என்று எனக்குத் தெரியாது, லியோனா. கதவோர ஆணியில் எப்போதும் தயாராகத் தொங்கும் ஊசிக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன், தொடையில் அழுத்தினேன், மூன்று எண்ணினேன், மறு கையால் போனில் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிப்பதற்குள் அவள் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். ஊசி இல்லாத குழாயைத்தான் காலையிலேயே ஆணியில் மாற்றித் தொங்கவிட்டிருக்கிறாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, இனி ஒன்கூட ஒரே வீட்ல தனியா இருக்கலாம்" என்றாள். பெட்டியை நான் தூக்கி வந்தேன். நேற்று இரவிலிருந்து உன் அம்மா இங்கே நலம்.

கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், உன் கை பட்ட மீன்கள் பெருகட்டும். நீ ஆகஸ்டில் வரும்போது உனக்கும் இந்தக் குழாயைப் பழக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள், இரண்டு நாள் கூடுதலாக விடுப்புப் போடு, கம்பளி மேலங்கியை மறக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வா, இங்கே வெயில் இப்போதே தாங்கவில்லை.

என்றும் உன் நலம் விரும்பும் அப்பா,
எர்வின்